கிடா யார் கையில்?

தீபாவளியோ பக்ரீத்தோ நெருங்கும் சனிக்கிழமைகளில் எட்டயபுரம் ஆட்டுச்சந்தை விடியுமுன்பே நிரம்பிவிடும். கறிக்கு வாங்க வருகிறவர் ஆட்டின் நிறத்தையோ காதையோ பார்ப்பதில்லை. பல்லைப் பார்க்கிறார். இடுப்பெலும்பின் மேல் நான்கு விரலை வைத்து அழுத்துகிறார். தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்கி எடையை மதிப்பிடுகிறார். விரலுக்கு எலும்பு தட்டாமல் சதை தட்டினால் விலை ஏறும். நாலு மாதத்திலேயே ஆறு மாதத்து உடம்பு வந்துவிட்ட கிடாக்குட்டிக்குத்தான் அன்றைக்கு முதல் விலை. பொழுது சாய்வதற்குள் அது வண்டியேறிப் போய்விடும்.

பட்டியில் மிஞ்சுவது எது? வளர்ச்சி மந்தமான குட்டி, காய்ச்சலில் விழுந்து எழுந்த குட்டி, விலை படியாமல் வீடு திரும்பிய குட்டி. அடுத்த ஆண்டு அந்தப் பட்டியின் பெட்டை ஆடுகளோடு சேரப்போவது அவற்றில் ஒன்று. ஆட்டுக்காரரைக் குறைசொல்ல இதில் இடமில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டுச் செலவும் அந்த முதல்தரக் குட்டியின் விலையை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் இருபது ஆண்டுகள் இப்படியே போனால், யாரும் திட்டமிடாமலேயே ஒரு தலைகீழ்த் தேர்வு நடந்து முடிந்திருக்கும். நல்ல ரத்தம் கறிக்கடைக்கு, மிச்சம் இனப்பெருக்கத்துக்கு.

நாட்டுச் செம்மறி இனங்கள் அருகுகின்றன என்று பேசும்போது மேய்ச்சல் நிலம் சுருங்கியது, அயல் இனம் வந்தது, அரசு கவனிக்கவில்லை என்று காரணங்களை அடுக்குகிறோம். அவை பொய்யல்ல. ஆனால் ஆட்டைப் பொறுத்தவரை அத்தனை காரணங்களும் கடைசியில் போய் நிற்கும் இடம் கிடாதான். எந்தக் கிடா பட்டியில் நிற்கிறது, எத்தனை நிற்கின்றன, அதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் எந்த இனத்தையும் காப்பாற்ற முடியாது. நாட்டினமா கலப்பினமா என்ற சண்டையும் இந்த இடத்தில் தன் சூட்டை இழந்துவிடுகிறது.

பத்து இனங்கள்

1984-இல் அமைக்கப்பட்டு, கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தின் பதிவேட்டில் தமிழ்நாட்டுச் செம்மறிகள் பத்து இருக்கின்றன. சென்னை சிவப்பு, மேச்சேரி, திருச்சி கருப்பு, கோயம்புத்தூர், நீலகிரி, இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல், செவ்வாடு, கச்சைகட்டி கருப்பு. கடைசி இரண்டும் அண்மைக் காலத்தில் சேர்ந்தவை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கேயம், புலிக்குளம் மாட்டினங்களைத் தெரியாத கல்லூரி மாணவர் கிடையாது. இந்தப் பத்து ஆடுகளில் இரண்டின் பெயரையாவது சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் விழிப்பார்கள். காளைக்குக் கிடைத்த மேடை ஆட்டுக்குக் கிடைக்கவில்லை.

பத்தும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சேலம் மாவட்டத்து மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர்ப் பக்கம் நிற்கும் மேச்சேரி ஆடு இளஞ்செம்பழுப்பு நிறம், கொம்பு கிடையாது, உடம்பில் கம்பளி இல்லாமல் குட்டை மயிர் மட்டும். கறிக்கு எவ்வளவு பெயரோ அதே அளவு பெயர் அதன் தோலுக்கும் உண்டு. தோல் வியாபாரிகள் அதற்குத் தனி மதிப்புக் கொடுப்பார்கள். விளாத்திகுளம் வட்டத்து வேம்பூர் ஆடு வேறு வார்ப்பு: உயரமான கால், வெள்ளை உடம்பு முழுக்கச் சிவப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பொட்டு. உள்ளூரில் பொட்டு ஆடு என்றால்தான் தெரியும். அதே வறண்ட பூமியில் கீழக்கரிசல் நிற்கிறது. முதுகு அடர்ந்த செம்பழுப்பு, அடிவயிறும் காலும் கறுப்பு, கிடாவுக்குத் தடித்து முறுக்கிய கொம்பு, கழுத்தடியில் தொங்கும் இரண்டு சதைக்குமிழ். ஒரு காலத்தில் தென்மாவட்டங்களில் பரவலாக இருந்த இந்த ஆட்டைத் தூய்மையான மந்தையாக இன்று காண்பது அரிது.

கொங்கு நாட்டில் குறும்பை என்று சொல்லும் கோயம்புத்தூர் இனமும் திருச்சி கருப்பும் முரட்டுக் கம்பளிக்காக நிலைத்தவை. மயிரைக் கத்தரித்து, நூற்று, கம்பளி நெய்த குடும்பங்கள் தறியை விட்டு விலகியதும் இந்த இனங்கள் இருப்பதற்கான பாதிக் காரணம் போய்விட்டது. இன்று வெட்டிய மயிரை வாங்க ஆளில்லாமல் வேலியோரம் கொட்டுகிறார்கள். கம்பளி தராத ஆட்டுக்கு வெயில் காலத்தில் வெட்டுக்கூலி மிச்சம் என்பதால், குறும்பை வளர்த்த இடங்களில் மேச்சேரிக் கிடா நுழைவது இயல்பாகவே நடக்கிறது. ஒரு நாட்டினத்தை இன்னொரு நாட்டினம் விழுங்குவதும் இழப்புத்தான் என்பதைச் சுதேசிப் பேச்சில் நாம் மறந்துவிடுகிறோம்.

மதுரை வாடிப்பட்டிக்குப் பக்கத்துக் கச்சைகட்டி கருப்பின் கதை சங்கடமானது. கிடா முட்டுக்காகவே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட ஆடு அது. சுத்தக் கறுப்பு, கட்டுமஸ்தான உடம்பு, மோதினால் பின்வாங்காத குணம். விலங்குகளை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் சரிதான். ஆனால் அந்தக் கிடாவைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றிய கைகளுக்கு வேறு என்ன காரணம் தரப்போகிறோம் என்ற கேள்வி சட்டத்தோடு முடிவதில்லை. இன்றைக்கு அதற்கு முட்டுக்கொடுப்பது காவல் தெய்வங்களுக்கு நேர்ந்துவிட மறுவில்லாத கறுப்புக் கிடா வேண்டும் என்கிற வழக்கம்தான்.

ஒரு கிடாவுக்கு நான்கு

இனி கொஞ்சம் கணக்கு. மரபணு வளத்தை அளப்பவர்கள் மந்தையின் தலைக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை ஆடுகள் அடுத்த தலைமுறைக்குத் தங்கள் ரத்தத்தைக் கடத்துகின்றன என்பதைக் காட்டும் பயனுறு எண்ணிக்கை என்ற ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். எளிய சூத்திரம் இது: கிடாக்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

40 பெட்டைக்கு ஒரு கிடா வைத்திருக்கும் பட்டியை எடுத்துக்கொள்வோம். 4 பெருக்கல் 40, வகுத்தல் 41. விடை 3.9. அதாவது 41 ஆடுகள் நிற்கும் அந்தப் பட்டி, மரபணு அளவில் நான்கு ஆடுகளுக்குச் சமம். சரி, பெட்டைகளை நூறாக்குவோம்: 3.96. நானூறாக்கினால் 3.99. எத்தனை ஆயிரம் பெட்டைகளைச் சேர்த்தாலும் ஒரு கிடா இருக்கிற வரையில் இந்த எண் நான்கைத் தாண்டாது. மாறாக, 40 பெட்டைகளுக்கு இரண்டு கிடா வைத்தால் ஒரே தாவலில் 7.6 ஆகிறது. பெட்டைகளைப் பத்து மடங்காக்கிக் கிடைக்காதது, இன்னொரு கிடாவால் கிடைக்கிறது.

பயனுறு எண்ணிக்கை நான்காக இருக்கும் மந்தையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் உறவுக்குள் சேர்க்கையின் அளவு 12.5 சதவீதம் ஏறும். ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த ஆடுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் பிறக்கும் குட்டியின் நிலை இதே 12.5 சதவீதம்தான். இது ஏற ஏறக் குட்டிகள் சிறுக்கும், சினை பிடிப்பது தள்ளிப்போகும், பிறந்த சில நாளில் சாவது கூடும். இந்த ஏற்றத்தைத் தலைமுறைக்கு 1 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டுமானால் பயனுறு எண்ணிக்கை குறைந்தது 50 வேண்டும் என்பது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்கும் எல்லைக்கோடு. மந்தையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகள் இந்தச் சூத்திரத்தைப் படிக்காதவர்கள்; அவர்களும் இரண்டு மூன்று வருஷத்துக்கொருமுறை ‘ரத்தம் மாத்தணும்’ என்று சொல்லி வேறு ஊர்க் கிடாவைத் தேடிப் போனார்கள். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட இராமநாதபுரத்திலிருந்து காவிரிப் படுகை வரை மந்தைகளை ஓட்டிப்போன காலத்தில், பல ஊர்க் கிடாக்கள் கலந்துநிற்க அந்தப் பயணமே வழி செய்தது. இடப்பெயர்ச்சி குறையக் குறைய அந்த மாற்றமும் நின்றுவருகிறது.

மாட்டுக்கு இருக்கும் வசதி இதில் ஆட்டுக்குக் கிடையாது. பசுவுக்கு உறைவிந்துக் குச்சி கிராமத்துக் கால்நடை மருந்தகம் வரை வந்துவிட்டது. எங்கோ நிற்கும் காளையின் கன்று இங்கே பிறக்கிறது. செம்மறியின் கருப்பைக் கழுத்து முறுக்கு முறுக்கான மடிப்புகளால் ஆனது. ஊசிக்குழாய் உள்ளே போகாது. உறைவிந்து பலன் தர வேண்டுமானால் வயிற்றில் சிறு துளையிட்டு, லேப்ராஸ்கோப்பி கருவியால் நேரே கருப்பையில் செலுத்த வேண்டும். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் அது கட்டுப்படியாகும்; கமுதிப் பக்கத்துக் கிடையில் ஆகாது. குளிரவைத்த விந்தை அன்றன்றே பயன்படுத்தும் முறை ஓரளவு எடுபடுகிறது என்றாலும் பரவலாகவில்லை. ஆகவே திரவ நைட்ரஜன் தொட்டியில் விந்தைச் சேமித்து வைப்பதெல்லாம் ஆபத்துக்காலக் காப்பீடு என்ற அளவில்தான். செம்மறி இனத்தை உண்மையில் சுமந்து நிற்பது உயிரோடு, நாலு காலில் நடமாடும் கிடா.

திட்டங்கள் போடுகிறவர்கள் தலைக்கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். 2017-இல் தெலங்கானா அரசு தொடங்கிய செம்மறி வழங்கும் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 20 பெட்டையும் ஒரு கிடாவும் 75 சதவீத மானியத்தில் தரப்பட்டன. ஆடுகள் அண்டை மாநிலங்களில் வாங்கப்பட்டன. 2012-இல் 1.28 கோடியாக இருந்த தெலங்கானாவின் செம்மறிகள் 2019 கணக்கெடுப்பில் 1.90 கோடியாகி, அந்த மாநிலம் நாட்டில் முதலிடத்துக்கு வந்தது. வருமானத் திட்டமாக அதைப் பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் 20-க்கு 1 என்ற அலகின் பயனுறு எண்ணிக்கை 3.8. ஊர் மந்தைகள் ஒன்றாக மேயும்போது பல கிடாக்கள் கலப்பதால் நிலைமை இவ்வளவு மோசமாகாது என்பது ஆறுதல். அப்போதும், பல மாநிலத்து ஆடுகள் வந்து கலந்த இடத்தில் உள்ளூர் இனம் எது என்று அடையாளம் சொல்வதே கடினமாகிவிடும். 2011-இல் தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் வழங்கிய திட்டத்திலும் சந்தையில் கிடைத்ததுதான் வாங்கப்பட்டது. அந்தந்த மாவட்டத்து இனத்தையே தர வேண்டும் என்ற எண்ணம் அதன் மையத்தில் இருக்கவில்லை. இப்போதைய தேசிய கால்நடை இயக்கம் 500 பெட்டைக்கு 25 கிடா என்ற அளவுவரை பண்ணைகளுக்கு மானியம் தருகிறது. சூத்திரத்தில் போட்டால் 95 வருகிறது, நல்ல எண். அந்த 25 கிடாக்களும் உறவில்லாதவையா, ஒரே இனமா என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாடு மட்டும் வேண்டும்.

கலப்பு என்ற பூதம்

நாட்டினக் காவலர்கள் கலப்பினம் என்றாலே முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நீலகிரி ஆட்டைக் காட்ட வேண்டும். நீலமலையில் 19-ஆம் நூற்றாண்டில் சமவெளியின் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய அயல் இனங்கள் கலந்து உருவானது அது. தென்னிந்தியாவின் ஒரே மென்கம்பளி இனம். மலையின் குளிருக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேறி, இன்று பாதுகாக்க வேண்டிய நாட்டினமாகப் பதிவேட்டில் நிற்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கலப்பு இன்றைய பாரம்பரியமாகிவிட்டது.

அந்த ஆடும் இன்று தள்ளாடுகிறது. புல்வெளிகளைத் தேயிலையும் சீகை மரமும் தைல மரமும் எடுத்துக்கொண்டன. மென்கம்பளிக்கு உள்ளூரில் சந்தை உருவாகவேயில்லை. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் செம்மறி ஆராய்ச்சி நிலையத்து மந்தைதான் அந்த இனத்தின் முதன்மையான புகலிடம். அதே நிலையத்தில் நீலகிரி ஆட்டோடு மெரினோ, ராம்பூயே கிடாக்களைச் சேர்த்து, எட்டில் ஐந்து பங்கு அயல் ரத்தம் கொண்ட சாண்டினோ என்ற கலப்பினத்தையும் உருவாக்கினார்கள். பண்ணைக்குள் அது கம்பளி தந்தது. மலை கிராமங்களில் நீலகிரி ஆட்டின் இடத்தை அதுவும் பிடிக்கவில்லை.

இந்தியா முழுவதும் 1960-களிலும் 70-களிலும் இதே ஆசை இருந்தது. ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962-இல் தொடங்கிய மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் ராம்பூயே, சோவியத் மெரினோ கிடாக்களை நாட்டு ஆடுகளோடு சேர்த்து பாரத் மெரினோ போன்ற இனங்களைப் படைத்தது. அதன் வழித்தோன்றல்களைக் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இன்றும் பார்க்கலாம். கறிக்காக டார்செட், சஃபோக் கிடாக்களும் வந்தன. தீவனத்தொட்டியில் இரை, சுத்தமான கொட்டில், நேரத்துக்கு மருந்து என்ற இடத்தில் கலப்புக் குட்டிகள் எடை போட்டன. வெட்டவெளியில் நாளெல்லாம் நடந்து மேய வேண்டிய இடத்தில் அந்தச் சாதகம் நிற்கவில்லை. பெரிய உடம்புக்குப் பெரிய வயிறு உண்டு. கோடையில் அதை நிரப்பப் புல் இல்லை.

கென்யாவில் நடந்தது இன்னும் கடுமை. அங்கே மாசாய் மக்கள் வளர்த்த செம்மாசாய் ஆடு சிறியது. தென்னாப்பிரிக்காவில் டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பெர்சியனையும் கலந்து உருவாக்கிய டார்பர் ஆடு கொழுத்தது, வேகமாக வளர்வது. 1970-களின் நடுவில் மானிய விலையில் டார்பர் கிடாக்கள் பரப்பப்பட்டன. முதல் தலைமுறைக் கலப்புக் குட்டி அபாரமாக இருந்ததால் ஆட்டுக்காரர்கள் மேலும் மேலும் டார்பரையே சேர்த்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு கலக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல யாருமில்லை. வறட்சியும் குடற்புழுவும் வந்தபோது டார்பர் ரத்தம் கூடிய ஆடுகள் முதலில் விழுந்தன. திரும்பிப் பார்த்தால் தூய செம்மாசாய்க் கிடா கிடைப்பதே அரிதாகிவிட்டது. 1990-களில் கென்யக் கடற்கரைப் பகுதியில் பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தது. ஈரமான அந்தச் சூழலில் செம்மாசாய் மந்தையின் மொத்தப் பலன் டார்பரைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. தனி ஆட்டின் எடை குறைவு, ஆனால் சாகாமல் நிற்கும் ஆடுகள் அதிகம். தமிழ்நாட்டில் இப்போது டார்பர் கலப்பு என்று சொல்லி இணையத்தில் குட்டிகளுக்கு விலை கூவுகிறவர்கள் இந்த வரலாற்றைச் சொல்வதில்லை.

இந்த இடத்தில் குடற்புழுவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தாக வேண்டும். ஹீமாங்கஸ் என்ற அந்த உருளைப்புழு ஆட்டின் நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. ரத்தம் வற்றிய ஆட்டுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். கட்டைவிரலால் கண்ணின் கீழிமையை மெல்லக் கீழே இழுத்தால் உட்சதை தெரியும். ஆரோக்கியமான ஆட்டில் அது நல்ல சிவப்பு. புழு மிகுந்த ஆட்டில் வெளிறி, முற்றினால் காகிதம்போல் வெளுத்துவிடும். ஐந்து நிறங்களை அச்சிட்ட ஃபமாச்சா அட்டை ஒன்றைத் தென்னாப்பிரிக்கர்கள் இதற்கென உருவாக்கினார்கள். இமையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறிய ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பது வழிமுறை. எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்தை ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். ஃபென்பெண்டசோல் வகை மருந்துகள் பல பண்ணைகளில் கேட்காமல் போனதற்கு அதுவே காரணம். மருந்து தோற்ற இடத்தில் மிஞ்சுவது ஆட்டின் சொந்தச் சக்தி. ஒரு மந்தையில் எப்போதும் இமை சிவந்தே இருக்கும் தாயின் குட்டியைக் கிடாவாக நிறுத்தினால், அந்தச் சக்தி அடுத்த தலைமுறைக்குப் போகும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், கட்டைவிரலும் ஒரு நோட்டுப்புத்தகமும் போதும்.

அதற்காக நாட்டினம் எதையும் தாங்கும் என்று முழங்குவதும் தப்பு. 1997-98 வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும் நீலநாக்கு நோய் கொத்துக்கொத்தாகச் செம்மறிகளைக் கொன்றது. செத்தவை நம் நாட்டினங்களே. சிறுகொசு போன்ற ஒரு பூச்சி பரப்பும் அந்த வைரஸுக்குப் பல வகைகள் உண்டு. தமிழ்நாட்டின் கால்நடைப் பல்கலைக்கழகமும் பங்கேற்ற ஆராய்ச்சியில் ஐந்து வகைகளுக்கு எதிரான தடுப்பூசி பின்னால் உருவானது. மரபணு வளத்துக்கும் தடுப்பூசிக்கும் இடையில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மரபணு

கலப்பை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சுந்தரவனத்துச் சதுப்பில் மேயும் கரோல் ஆடு முழங்கால் உயரம், பத்துப் பதினைந்து கிலோ எடை. பார்த்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் ஈற்றுக்கு இரண்டு, சில சமயம் மூன்று குட்டி போடும். 1792-இலும் 93-இலும் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பல்களில் இந்த வங்காள ஆடுகள் இருந்தன. ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்குப் பின் நியூ சவுத் வேல்ஸில் பூரூலா என்ற பண்ணையின் மெரினோ மந்தை அளவுக்கு மீறிக் குட்டி போடுவதைக் கவனித்த விஞ்ஞானிகள், அதற்கு ஒற்றை மரபணு மாற்றமே காரணம் என்று 1980-களில் முடிவுக்கு வந்தார்கள். 2001-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தன. மறு ஆண்டே அதே மாற்றம் கரோல் ஆட்டிலும் உறுதியானது. உலகச் செம்மறி ஆராய்ச்சியின் மிகப் பிரபலமான மரபணு, நாம் ஏறெடுத்தும் பாராத ஒரு குட்டை ஆட்டிலிருந்து போனது.

மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கரோல் ஆடுகளைக் கொண்டுவந்து, அங்கத்திய தக்காணி ஆட்டோடு சேர்த்தது. இங்கே செய்த முறைதான் முக்கியம். கரோலின் சிறிய உடம்பு வேண்டாம், அந்த ஒரு மரபணு மட்டும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு உள்ள குட்டியை மட்டும் தேர்ந்து, மீண்டும் மீண்டும் தக்காணியோடே சேர்த்தார்கள். கிடைத்த நாரி சுவர்ணா ஆடு பார்வைக்குத் தக்காணி, குட்டி போடுவதில் தாராளம். மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் தாய்க்கு ஈற்றுக்குச் சுமார் அரைக் குட்டி கூடுதலாகக் கிடைக்கிறது. இரண்டு பிரதி சேர்ந்தால் மூன்று குட்டி பிறந்து தாயின் பால் போதாமல் போகும் என்பதையும் கணக்கில் வைத்து ஆட்டுக்காரர்களுக்குக் கிடாவைக் கொடுத்தார்கள். அவிகாநகர் நிறுவனமும் கரோல், மால்புரா, பாட்டன்வாடி என்ற மூன்று நாட்டினங்களைக் கலந்து அவிசான் என்ற ஆட்டை உருவாக்கியது. அயல் கிடா ஒன்றுகூட இல்லாத கலப்பு. சுந்தரவனத்தில் கரோல் அழிந்திருந்தால் இந்த இரண்டும் இல்லை. இந்த இரண்டுக்கும் அப்பால், சுந்தரவனத்துச் சேற்றில் தூய கரோல் தொடர்ந்து நிற்க வேண்டும் என்பதும் இதே கதையின் மறுபாதி.

ஒரே இடத்தில் குவிந்திருக்கும் இனத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொன்று அழிக்கப்பட்டன. ஏரி மாவட்டத்து மலைகளில் மட்டும் நின்ற ஹெர்ட்விக் செம்மறி பெருத்த அடி வாங்கியது. வேம்பூர் ஒரு வட்டாரத்திலும் கச்சைகட்டி சில ஊர்களிலும் அடங்கியிருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் குறைந்தது இரண்டு மாவட்டங்களில், நோய் தொற்றாத தூரத்தில் அரசு மந்தை இருப்பது அவசியம்.

யார் செய்வது?

2007-இல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் 109 நாடுகள் கூடி, கால்நடை மரபணு வளத்துக்கான உலகச் செயல்திட்டத்தை ஏற்றன. இந்தியாவும் அதில் அடக்கம். ஆவணங்களுக்குக் குறைவில்லை. பட்டியின் வாசலில் என்ன மாறியது என்று கேட்டால்தான் பதில் மெலிகிறது.

மாறிய இடங்களும் உண்டு. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் சென்னை சிவப்புத் திட்டம் ஆட்டைப் பண்ணைக்குள் அடைக்காமல், ஊர்ப் பட்டிகளிலேயே குட்டிகளை எடை போட்டுக் குறித்து, ஆறு மாத எடையில் முந்திய கிடாக்குட்டிகளைத் தேர்ந்து மந்தைகளுக்கே திரும்பக் கொடுத்தது. சேலத்துப் பொட்டனேரியில் மேச்சேரி ஆராய்ச்சி நிலையமும் தேர்ந்த கிடாக்களை வழங்கிவருகிறது. மதுரையின் சேவா அமைப்பு, நாட்டினங்களைக் காக்கும் ஆட்டுக்காரர்களை நாடெங்கும் அடையாளம் கண்டு ஆண்டுதோறும் விருது வழங்கும் வழக்கத்தைத் தொடங்கியது. இவற்றின் பொதுவான பாடம், இனத்தைக் காப்பவர் ஆட்டுக்காரர், ஆராய்ச்சி நிலையம் அவருக்குத் துணை என்பதே.

ஆட்டுக்காரர் நல்ல கிடாக்குட்டியை நாலாம் மாதத்தில் விற்காமல் வைத்திருக்க வேண்டுமானால் அந்தக் காத்திருப்புக்கு யாராவது பணம் தர வேண்டும். இதில் பெரிய தொகை எதுவும் இல்லை. ஒரு இனத்துக்குச் சில நூறு கிடாக்களைத் தேர்ந்து, குட்டி விலையை முன்பணமாகக் கொடுத்து, ஒன்றரை வயது வரை பட்டியிலேயே நிறுத்தச் செய்யலாம். அதன்பின் இனப்பெருக்கத்தில் இரண்டு ஆண்டு முடிந்ததும் அதே கிடாவை அடுத்த ஊர்ப் பட்டிக்கு மாற்றி, அங்கிருந்து இன்னொன்றை இங்கே கொண்டுவர வேண்டும். தேறாத கிடாக்குட்டிகளைப் பருவத்துக்கு வருமுன் காயடித்துக் கறிக்கு வளர்த்தால், அவை பெட்டைகளோடு சேரும் ஆபத்தும் இல்லை, கறி விலைக்கும் குறைவில்லை. கிடா வைத்திருக்கும் பட்டிக்கு இலவசத் தடுப்பூசியும் காப்பீடும் சேர்ந்தால் இன்னும் நல்லது. கம்பளி மந்தைகளுக்குக் கம்பளி வாங்க ஒரு கொள்முதல் மையம், மேச்சேரித் தோலுக்கு இனப்பெயரோடு தனி விலை என்று அந்தந்த இனத்தின் பயனையும் சந்தையில் நிறுத்தியாக வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கைப் பட்டா போடாமல் விட்டுவைப்பது இதற்கெல்லாம் முன் நிபந்தனை. ஆடு மேய இடமில்லாத ஊரில் கிடாத் தேர்வு பேசுவது வீண்.

2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செம்மறிகள் 7.43 கோடி, முந்தைய கணக்கைவிட 14 சதவீதம் அதிகம். அதே ஏழாண்டில் தமிழ்நாட்டில் அவை சுமார் 48 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்தன. 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கி, இனவாரியாகவும் எண்ணப்பட்டது. அந்த எண்கள் வெளிவரும்போது மொத்தத் தலைக்கணக்கோடு நிறுத்திவிடாமல், பத்துச் செம்மறி இனங்களுக்கும் வட்டவாரியாக இனப்பெருக்கக் கிடாக்கள் எத்தனை என்பதைக் கால்நடை பராமரிப்புத் துறை தனியே வெளியிட வேண்டும். எந்த வட்டத்தில் ஒரு இனத்தின் கிடாக்கள் ஐம்பதுக்குக் கீழே இருக்கின்றனவோ, கிடாவுக்கு முன்பணம் கொடுத்துப் பட்டியில் நிறுத்தும் திட்டத்தை அந்த வட்டத்திலேயே முதலில் தொடங்கட்டும்.